ஒற்றை வசனம்

தபெர்னாஸ் பாலைக்குப் போகிற பேருந்தில்
ஓட்டுநரைத் தவிர நானும் ஒரு சைக்கிளும்.
"கௌபாய் ஊரா?" என்று கேட்டவர்
பதிலுக்குக் காத்திராமல்
நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டுப் போனார்.

நுழைவுச்சீட்டு பத்தொன்பது யூரோ.
ஒரே தெரு: வங்கி, மதுக்கடை, சவப்பெட்டிக் கடை,
கோடியில் தேவாலயம்.
வங்கிக் கதவைத் தள்ளினேன்.
உள்ளேயும் பாலைவனம்தான்,
கூடவே ஒரு துடைப்பம்,
யாரோ காயப்போட்ட கால்சட்டை.

இந்தலேசியோ இந்தத் தெருவில்தான் செத்தார்,
முப்பத்தோரு முறை.
எண்பத்து மூன்று வயதில் வாயிலோரம் தொப்பி விற்கிறார்.
வெயில் தாழ்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு
எங்கெங்கே என்று காட்டினார்.
இந்தக் கூரையிலிருந்து நான்கு தடவை.
அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தடவை, டிசம்பரில்.
குதிரையிலிருந்து விழுந்தது கணக்கில் சேராதாம்;
"அதுக்குக் கூலி தனி."
திராட்சை பறித்தால் நாளுக்கு நூறு பெசேத்தா,
கூரையிலிருந்து விழுந்தால் அறுநூறு.
ஊரே விழக் கற்றுக்கொண்டது.

ஐந்து மணிக் காட்சி தொடங்கியது.
ஜெர்மானியக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ள
ஓர் இளைஞன் சுடப்பட்டு
கீழே விரித்திருந்த மெத்தையைக் குனிந்து பார்த்து
அளந்து விழுந்தான்.
"சாகிறவன் கீழே பார்ப்பானா?" என்று
இந்தலேசியோ தலையில் அடித்துக்கொண்டார்.

தேவாலயத்துக்கு முகமும் ஒரு விலாவும்தான்.
ஊர்க்கோயில் கூரை இடிந்து கிடந்த அறுபத்தேழில்
பாதிரியார் மத்தியாஸ்
படப்பிடிப்பு இல்லாத ஒரு ஞாயிறு பார்த்து
இவருக்கும் அங்குஸ்தியாஸுக்கும்
இங்கேயே மணம் முடித்து வைத்தார்.
பின்சுவர் இல்லாத வழியாகக் காற்று வந்து
மணப்பெண்ணின் முக்காட்டைப் பிடுங்கிப் போனது.
ஓர் இத்தாலிய விளக்குப் பையன் ஓடி
கள்ளியில் சிக்கியதை எடுத்து வந்தான்,
இரண்டு முள்ளோடு.

"அட்டைக் கோயில் கல்யாணம்" என்றேன்.
"நாற்பத்தெட்டு வருஷம்" என்றார்.
"ஊர்க்கோயில்ல கட்டின என் தம்பிக்கு மூணு."

இருட்டும் வேளையில் ஊருக்குள் கூட்டிப்போனார்.
சினே மிராதோர் இருந்த கட்டடம்
இப்போது ச்சியூ லான்ஃபென்னின் கடை:
வாளி, செருப்பு, பிளாஸ்டிக் பூ, கைபேசி உறை.
தரை மட்டும் தியேட்டர் தரை.
அலமாரிக் கால்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தும்
கைவிட்ட தள்ளுவண்டி தானாக உருண்டு
திரை இருந்த சுவரில் போய் முட்டி நிற்கிறது.
மேலே, புரொஜெக்டர் அறையின் இரண்டு சதுரத் துளைகள்.
ஒன்றில் இணையக் கம்பி நுழைந்திருந்தது.

மூன்றாம் வரிசை என்றார், குடைகளுக்கு நடுவே நின்று.
தன்னைத் தானே முதலில் பார்த்தது இங்கே.
பதினேழாவது சாவு அது.
சாவதற்கு முன் சொல்ல
ஒரு சொல் கொடுத்திருந்தார்கள்: தண்ணீர்.
திரையில் அவர் வாய் திறந்தது.
"ஆகுவா" என்றது
மாட்ரிட்டில் யாரோ ஒருவனின் குரல்,
வழவழவென்று,
மதியம் நன்றாகச் சாப்பிட்டவன் குரல்.
அவருடைய அம்மா எழுந்து நின்று கத்தினாள்:
"அது என் பையன் இல்லை!"
கொட்டகை முழுக்கச் சிரிப்பு.
அவரும் சிரித்தாராம்,
தொண்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு.

நீங்கள் எப்படிச் சொல்லியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றினார்.
பிளாஸ்டிக் பூக்களின் அலமாரியைப் பற்றி
முழங்காலைப் பாதி மடக்கி
இந்த மண்ணில் எல்லோரும் விழுங்குகிற எழுத்தை
அவரும் விழுங்கி,
உதடு காய்ந்து,
"ஆவா."

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த லான்ஃபென்
நிமிராமலே கேட்டாள்,
அவரைப் போலவே எழுத்துகளை விழுங்கி:
"ஜில்லுன்னு வேணுமா, சாதாவா?"